கிணற்றில் பெட்ரோல் வாடை: முதலில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் சேலம் மாவட்டத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் 42 அடி ஆழத்தில் ஒரு கிணறு, மாமனார் காலத்தில் வெட்டியது. குடிக்க, சமைக்க, மாட்டுக்கு எல்லாமே அந்தத் தண்ணீர்தான். போன ஐப்பசி மழைக்குப் பிறகு தண்ணீரில் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. காலையில் எட்டிப் பார்த்தால் மேலே வானவில் நிறத்தில் படலம் மிதக்கிறது. ஏறக்குறைய 60 மீட்டர் தள்ளி 30 வருஷப் பழைய பெட்ரோல் பங்க் இருக்கிறது. அதன் முதலாளி என் கணவருக்குப் பங்காளி, அண்ணன் முறை. கேட்டால், "டேங்க் ஓட்டையானால் முதல் நஷ்டம் எனக்குத்தானே, எனக்குத் தெரியாமல் போகுமா?" என்கிறார். டவுன் லேப் ஒன்றில் தண்ணீரைக் கொடுத்தோம். டிடிஎஸ், கடினத்தன்மை எல்லாம் பார்த்து 'குடிக்கத் தகுந்தது' என்று எழுதிக் கொடுத்தார்கள். பஞ்சாயத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போனார்கள். கொதிக்க வைத்துக் குடிக்கலாமா? இறைத்துத் தூர் வாரினால் சரியாகுமா? இல்லை, புதிதாக போர் போட்டுவிடலாமா? அண்ணன் பங்கிலிருந்துதான் வருகிறது என்றால் அதை எப்படி நிரூபிப்பது? உறவும் கெடக்கூடாது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட மூன்று 'செய்யலாமா'வுக்கும் பதில் ஒன்றுதான்: செய்யாதீர்கள். கொதிக்க வைக்க வேண்டாம், தூர் வார வேண்டாம், போர் போட வேண்டாம். காரணத்தை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இன்றைக்கே செய்ய வேண்டியது, அந்தத் தண்ணீரைக் குடிக்க, சமைக்க, குளிக்கப் பயன்படுத்துவதை நிறுத்துவது. மாட்டுக்கும் வேண்டாம். கொஞ்ச நாளைக்கு வேறு தண்ணீருக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கிணற்றுக்குள் யாரும் இறங்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே பறந்து போகாமல் கிணற்றின் அடியிலும் சம்ப்பிலும் போய்த் தேங்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். நம் ஊரில் தூர் வார இறங்கும் முன் காற்று இருக்கிறதா என்று பார்க்க விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கும் பழக்கம் உண்டு. சாதாரணக் கிணற்றில் அது உயிரைக் காப்பாற்றும் பழக்கம். உங்கள் கிணற்றில் உயிரை எடுத்துவிடும். பீடியோடு யாரும் எட்டிப் பார்க்காமலும், வாளி மோட்டார் என்று எதையாவது எடுக்கப் பிள்ளைகள் இறங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வலையாவது போட்டு மூடுங்கள், காற்றுப் புகாத மூடி வேண்டாம்.

கொதிக்க வைப்பது பற்றி. பெட்ரோலில் நாம் முதலில் பயப்பட வேண்டிய பொருள் பென்சீன். புற்றுநோய் வரவழைக்கும் என்று ஐயமின்றித் தெரிந்த பொருள். அது 80 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். அதனால் கொதித்த தண்ணீரில் குறையும், உண்மைதான். ஆனால் ஆவியாகிப் போவது உங்கள் சமையலறைக் காற்றுக்குள். வெந்நீரில் குளித்தாலும் இதே கதை. பிளீச்சிங் பவுடர் கிருமிக்கு மருந்து, எண்ணெய்க்கு அல்ல. ஆர்.ஓ. இயந்திரத்தை நம்பியும் குடிக்காதீர்கள். பென்சீனைப் பிடிப்பது கரி வடிகட்டி, அதுவும் நிறைந்துவிட்டால் பிடித்ததை விட ஆரம்பித்துவிடும். எப்போது நிறைந்தது என்று வெளியே தெரியாது.

அப்புறம் அந்த லேப் அறிக்கை. அதில் பொய் எதுவும் இல்லை. அவர்கள் தேடியது உப்பு, கடினத்தன்மை, கிருமி. பென்சீனை யாரும் தேடவே இல்லை. வீட்டில் திருடன் புகுந்தானா என்று கேட்டதற்கு சமையலறையில் எலி இல்லை என்று சொன்ன மாதிரி. 'குடிக்கத் தகுந்தது' என்ற வரியைப் பார்த்து ஏமாந்த குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வரிக்கு மேலே உள்ள பட்டியலில் என்னென்ன பார்த்தார்கள் என்பதை எப்போதும் படியுங்கள்.

எவ்வளவு பென்சீன் என்றால் அதிகம்? உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். நம் நாட்டில் இப்போது விற்கும் பெட்ரோலில் பென்சீன் அதிகபட்சம் 1 சதவீதம் இருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டர் பெட்ரோலில் 10 மில்லி பென்சீன், எடையில் ஏறக்குறைய 8.8 கிராம். அந்த 8.8 கிராம், 8 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். 12,000 லிட்டர் லாரியில் 73 லோடு. இது ஒரு லிட்டருக்கான கணக்கு. 10 மைக்ரோகிராம் பென்சீனை மூக்கால் கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே வாடை போய்விட்டது என்று ஒரு நாள் நீங்களே நினைத்துக் குடிக்க ஆரம்பித்துவிடாதீர்கள்.

இப்போது உங்கள் அண்ணன் சொன்னதுக்கு வருகிறேன். "எனக்குத் தெரியாமல் போகுமா?" என்கிறார். போகும். மனுஷன் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை, அவர் கணக்குப் புத்தகத்துக்கே அது தெரியாது. பங்கில் தினமும் டேங்குக்குள் டிப் ஸ்டிக் என்ற அளவுக் குச்சியை விட்டு இருப்பைப் பார்த்து, விற்றதைக் கழித்து எழுதுவார்கள். வெயிலில் பெட்ரோல் விரியும், குளிரில் சுருங்கும், ஆவியாகும், குச்சியில் அளவு ஒரு கோடு முன்னே பின்னே போகும். இந்த ஏற்ற இறக்கத்துக்குள் சின்னக் கசிவு ஒளிந்துகொள்ளும். நாளைக்கு 5,000 லிட்டர் விற்கும் பங்கில் அரை சதவீதம் குறைந்தால் 25 லிட்டர். யாரும் கவலைப்பட மாட்டார்கள். வருஷத்துக்கு அது 9,000 லிட்டருக்கு மேல். டேங்கை அழுத்தம் வைத்துச் சோதித்தாலும் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. அமெரிக்காவில் டேங்க் இறுக்கச் சோதனைக்கு வைத்திருக்கும் அளவு மணிக்கு 0.38 லிட்டர். அதற்குக் கீழே கசிந்தால் 'பாஸ்'. மணிக்கு 0.38 என்றால் வருஷத்துக்கு 3,300 லிட்டர். மேலே சொன்ன 73 லோடு கணக்கோடு இதைப் பெருக்கிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அதே புத்தகம் வேறு விதத்தில் உதவும். ஒரு நாள் கூடுவதும் ஒரு நாள் குறைவதும் சகஜம். மாசக் கணக்கில் கூட்டிப் பார்த்தால் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். ஒரே பக்கமாகக் குறைந்துகொண்டே போனால், அதுவும் பெட்ரோலில் மட்டும் குறைந்து டீசலில் இல்லையென்றால், எங்கோ போகிறது. இரண்டு வருஷ டிப் ரெஜிஸ்டரை அண்ணனையே உட்கார்ந்து கூட்டச் சொல்லுங்கள். குற்றவாளியிடம் கேட்பது போல் கேட்காமல், "உங்கள் சரக்கும்தானே போகிறது அண்ணா" என்று கேளுங்கள். அவரே சொன்ன வாதம்தான்.

இன்னொன்றையும் நினைவுபடுத்திப் பாருங்கள். மழைக்காலத்தில் அந்தப் பங்கில் தண்ணீர் கலந்த பெட்ரோல் என்று யாராவது சண்டை போட்டார்களா? வண்டி நின்றுபோனதா? நிலத்தடி நீர் டேங்கின் அடிமட்டத்துக்கு மேலே ஏறும் காலத்தில், ஓட்டை இருந்தால் உள்ளேயிருந்து வெளியே போவது மட்டுமில்லை, வெளியேயிருந்து தண்ணீர் உள்ளேயும் வரும். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தாலே எத்தனால் அதோடு சேர்ந்து பிரிந்து கீழே இறங்கிவிடும், பிரச்சினை சீக்கிரம் வெளியே தெரியும். மேன்ஹோல் மூடி சரியில்லாமலும் மழைத்தண்ணீர் இறங்கலாம் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று அவர்கள் தினமும் குச்சியில், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பேஸ்ட் தடவிப் பார்ப்பார்கள், அதுவும் ரெஜிஸ்டரில் இருக்கும்.

சரி, பங்கை விட்டுவிட்டு முதலில் உங்கள் வீட்டைப் பார்ப்போம். நீங்கள் கோபப்படக் கூடாது. கிணற்றில் என்ன மோட்டார் ஓடுகிறது? ஆயில் நிரப்பிய சப்மெர்சிபிள் என்றால் சீல் போனாலே எண்ணெய் தண்ணீரில் கலக்கும். கிணற்று மேட்டில் பழைய ஆயில் இன்ஜின் இருந்ததா? பக்கத்தில் லாரி பட்டறை, ஜெனரேட்டர், எப்போதோ புதைத்த டீசல் டேங்க்? ஒரு முறை ஊரே சேர்ந்து பங்கைச் சுட்டிக்காட்டியது. தோண்டத் தோண்ட வந்தது, எப்போதோ மூடிப்போன ஒரு லாரி ஷெட்டின் அடியில் எல்லோரும் மறந்துபோன டேங்க். பங்க்காரர் அன்றைக்கு அழுதே விட்டார்.

அந்தப் படலத்தையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். ஒரு வாளி மொண்டு மேலே மிதக்கும் படலத்தை ஈர்க்குச்சியால் கீறிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து துண்டு துண்டாக நின்றால் அது இரும்புப் பாக்டீரியாவின் வேலை, அநேகக் கிணறுகளில் உண்டு, பயமில்லை. கீறின இடம் உடனே மூடிக்கொண்டு நிறம் சுழன்றால் எண்ணெய். நீங்கள் வாடையும் சொல்வதால் இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன், ஆனாலும் பாருங்கள்.

இப்போது முக்கியமான கேள்வி. பங்க் 60 மீட்டரில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்பது தூரத்தை அல்ல. பங்க் உங்களுக்கு மேற்பக்கமா கீழ்ப்பக்கமா என்பதை. நிலத்தின் மேட்டுப் பள்ளத்தைச் சொல்லவில்லை, பூமிக்கடியில் தண்ணீர் நகரும் திசையைச் சொல்கிறேன். தண்ணீர் பங்கிலிருந்து உங்களை நோக்கி வந்தால் சந்தேகம் வலுக்கும். உங்களிடமிருந்து பங்கை நோக்கிப் போனால் வேறு இடத்தில் தேட வேண்டியிருக்கும். லட்சக்கணக்கில் செலவழித்துச் சோதனை செய்தவர்கள் பலர் இந்த ஒன்றைச் செய்யாமலேயே செய்திருக்கிறார்கள். இதற்குச் செலவு ஒரு டேப்பும் ஒரு காலைப் பொழுதும்.

மூன்று கிணறுகள் வேண்டும், ஒரே நேர்கோட்டில் இல்லாமல் முக்கோணமாக. உங்களுடையது ஒன்று, பங்கின் அந்தப் பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. திறந்த கிணறுகளாக இருந்தால் நல்லது. முந்தின இரவே மூன்றிலும் மோட்டார் போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். காலையில் த்ரீ பேஸ் கரண்ட் வரும் முன், சுற்றுவட்டாரத்தில் யாரும் இறைக்க ஆரம்பிக்கும் முன் அளந்துவிட வேண்டும். கிணற்று விளிம்பில் ஒரு இடத்தில் பெயின்ட்டால் குறி போட்டு, அங்கிருந்து தண்ணீர் மட்டம் வரை டேப் விடுங்கள். இப்போது அந்தக் குறிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு உயரம் தாழ்வு என்பது வேண்டும். கொத்தனாரின் ட்யூப் லெவலைக் கொண்டு பல தாவலில் எடுக்கலாம், பிழை சேரும். சர்வேயர் ஒருவர் லெவல் கருவியோடு வந்தால் ஒரு மணி நேர வேலை. அதற்குக் காசு கொடுங்கள், வீணாகாது.

கணக்கு சுலபம். உங்கள் கிணற்றில் விளிம்பிலிருந்து 7 மீட்டரில் தண்ணீர், தோட்டத்துக் கிணற்றில் 8 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் தோட்டத்துத் தண்ணீர்தான் தாழ்வு போலிருக்கும். ஆனால் தோட்டத்துக் கிணற்றின் விளிம்பு உங்களுடையதைவிட 2 மீட்டர் உயரம் என்றால், அங்கே நீர்மட்டம் உங்களைவிட 1 மீட்டர் மேலே நிற்கிறது. தண்ணீர் அங்கிருந்து உங்களிடம் வருகிறது. மூன்று அளவையும் ஒரு தாளில் புள்ளி வைத்துக் குறித்தால் சரிவு எந்தப் பக்கம் என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். இதைக் கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் செய்யுங்கள். சில ஊர்களில் திசையே மாறும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் மாவட்டம் பாறை நாடு. மேலே சில மீட்டர் மண்ணும் சுக்காம்பாறையும், கீழே வெடிப்புகளோடு கடினப் பாறை. மணல் நிலத்தில் எண்ணெய் ஒழுங்காக நகரும். கலிஃபோர்னியாவில் 1995-இல் நூற்றுக்கணக்கான கசிவு இடங்களை அலசியபோது, பெரும்பாலானவற்றில் பென்சீன் சுமார் 250 அடிக்குள் நின்றுவிட்டது, காரணம் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடுகின்றன. அந்தக் கணக்கை அப்படியே பாறை வெடிப்புக்குப் பொருத்த முடியாது. வெடிப்பு எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில் எண்ணெய் போகும், பக்கத்து வீட்டை விட்டுவிட்டு மூன்றாவது வீட்டில் எட்டிப் பார்க்கும். இன்னொன்று, எத்தனால் கலந்த பெட்ரோலில் நுண்ணுயிர்கள் முதலில் எத்தனாலைத்தான் தின்னும், பென்சீன் அதுவரை காத்திருக்காமல் முன்னே போய்க்கொண்டிருக்கும். சாலையோரம் குடிநீர்க் குழாய் பதித்த பள்ளங்களையும் மறக்காதீர்கள். அதில் நிரப்பிய மணல் எண்ணெய்க்கு ராஜபாட்டை. அந்த வழியில் பிளாஸ்டிக் குடிநீர்க் குழாய் போனால், குழாயின் சுவரையே ஊடுருவி பென்சீன் உள்ளே போகும். ஓட்டையே வேண்டாம்.

இப்போது தெரிகிறதா, ஏன் போர் போட வேண்டாம் என்றேன் என்று? எண்ணெய் இப்போது பெரும்பாலும் நீர்மட்டத்தை ஒட்டி மேலே கிடக்கிறது, பெட்ரோல் தண்ணீரைவிட லேசு. ரிக் வந்து அதன் நடுவே துளைத்து, துளைக்குள் இறக்கும் கேசிங் குழாயை மேல் பாறையோடு நிறுத்திவிட்டால், மேலே இருப்பது 600 அடி ஆழம் வரை போக நீங்களே வழி போட்டுக் கொடுத்த கதை. அப்புறம் அதைச் சுத்தம் செய்ய யாராலும் முடியாது.

தூர் வார வேண்டாம் என்றதற்கு என் சொந்தத் தப்புதான் சாட்சி. தொழிலுக்கு வந்த புதிதில் இதே போல ஒரு கிணறு. "நாலு நாள் விடாமல் இறைத்துவிடுங்கள், சுத்தமாகிவிடும்" என்று சொன்னேன். மூன்றாம் நாள் வரை வாடை குறைந்தது. பத்தாம் நாள் ஒரு விரற்கடை தடிமனுக்கு எண்ணெயே மிதந்தது. தூரத்தில் நின்றிருந்ததை நான்தான் மோட்டார் வைத்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த வீட்டுப் பெரியவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. காபி கொடுக்கும்போது மட்டும், "இது வெளித் தண்ணி தம்பி, பயப்படாமக் குடிங்க" என்றார். ஆகவே உங்கள் மோட்டாரை இப்போது நிறுத்தி வையுங்கள். இறைக்க வேண்டிய கட்டம் பிறகு வரும், அதை எங்கே எவ்வளவு என்று கணக்குப் போட்டு இறைப்பார்கள்.

மழைக்குப் பிறகு ஏன் வாடை வந்தது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இது நிரூபிக்க உதவும். கசிந்த பெட்ரோல் எல்லாம் தண்ணீரில் போய்ச் சேர்வதில்லை. ஒரு பகுதி மண்ணின் துளைகளில் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் கிடக்கும். கோடையில் நீர்மட்டம் கீழே போகும்போது எண்ணெயும் கூடவே இறங்கி வழியெல்லாம் பூசிக்கொண்டு போகும். மழையில் மட்டம் ஏறும்போது தண்ணீர் அந்தப் பூசின மண்ணைத் தொட்டுக் கரைத்துக்கொண்டு வரும். அதனால் ஐப்பசியில் வாடை வந்தது என்பதற்கு ஐப்பசியில் கசிந்தது என்று அர்த்தமில்லை. மண்ணைச் சோதிக்கும்போது மேல்மண்ணை மட்டும் எடுத்து 'ஒன்றுமில்லை' என்று யாராவது எழுதினால் ஏற்காதீர்கள். நீர்மட்டம் ஏறி இறங்கும் அந்த இடைப்பட்ட ஆழத்து மண்ணில்தான் சாட்சி இருக்கும். பங்க் வளாகத்துக்குள் துளை போடுவது அனுமதியோடு, தெரிந்த ஆட்கள் செய்ய வேண்டிய வேலை. டேங்கை மட்டும் பார்க்காமல், லாரி சரக்கு இறக்கும் வாய், பம்புக்குப் போகும் குழாய், அதன் இணைப்புகள், பம்பின் அடிப்பகுதி எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். டேங்க் நன்றாக இருந்து குழாய் இணைப்பு கசிந்த இடங்கள் ஏராளம். சென்னை தண்டையார்பேட்டையில் 2013 வாக்கில் வீட்டு போர்களில் எண்ணெய் வந்தபோதும் விவகாரம் சாலைக்கடியில் போன எண்ணெய்க் குழாயைப் பற்றியதுதான்.

தண்ணீர் மாதிரி எடுப்பதில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மினரல் வாட்டர் பாட்டிலில் முக்கால் பாகம் நிரப்பி பஸ்ஸில் கொண்டு போனால் லேபுக்குப் போய்ச் சேர்வது தண்ணீர் மட்டும்தான், பென்சீன் பாட்டிலுக்குள் உள்ள காற்றுக்குப் போய்விடும். 40 மில்லி கண்ணாடிக் குப்பி, மூடியின் உள்ளே விசேஷ அடைப்பு, சில துளி அமிலம் முன்பே போட்டது, இதை லேப்தான் தர வேண்டும். விளிம்பு வழிய நிரப்பி மூடி, தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தால் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும், 14 நாளுக்குள் சோதித்துவிட வேண்டும். மாடித் தொட்டிக் குழாயில் பிடிக்காதீர்கள், விழும்போதே ஆவியாகிவிடும். கிணற்றில் படலத்தை விலக்கி, கொஞ்சம் ஆழத்திலிருந்து எடுக்க வேண்டும். படலத்தையும் தனியாக ஒரு குப்பியில் எடுங்கள். பங்குக்கு மேற்பக்கம், அதாவது நிலத்தடி நீர் பங்கை நோக்கி வரும் பக்கம் உள்ள கிணற்றிலும் ஒரு மாதிரி வேண்டும். அங்கே சுத்தம், இங்கே கலப்பு என்றால்தான் நடுவில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வலு.

என்.ஏ.பி.எல். என்ற தேசிய அங்கீகாரமும், கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அடையாளம் காட்டும் ஜி.சி.எம்.எஸ். கருவியும் உள்ள லேபாகப் பாருங்கள், சென்னையிலும் கோவையிலும் இருக்கின்றன. பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் நான்கும், மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பனும் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கருவியின் வரைபடத்தைப் பார்த்தே இது பெட்ரோலா, டீசலா, மோட்டார் ஆயிலா என்று சொல்லிவிடலாம். பழையதா புதியதா என்றும் ஓரளவு தெரியும். எத்தனால் மண்ணில் சீக்கிரம் மறைந்துவிடும், அது இன்னும் இருந்தால் கசிவு அண்மையது. மாறாக, ஆழத்து மண்ணில் ஈயம் தென்பட்டால், நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்த 2000 பிப்ரவரிக்கு முந்தின கசிவும் இருக்கலாம். 30 வருஷப் பங்க் என்பதால் இதைச் சொல்கிறேன். மேல்மண்ணில் ஈயம் இருப்பது வேறு, அது சாலைப் புகையிலிருந்து வந்ததாக இருக்கலாம். மாதிரி எடுக்கும்போது விஏஓவோ பஞ்சாயத்துத் தலைவரோ பக்கத்தில் இருந்து கையெழுத்துப் போடட்டும். அண்ணனையும் கூப்பிடுங்கள். ஒளித்து எடுத்த மாதிரி என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

அடுத்து, யாரிடம் சொல்வது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு மனு. அதன் நகலைத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். இன்னொரு நகல் டேங்குக்கு உரிமம் தரும் வெடிபொருள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு, ஒன்று எண்ணெய் நிறுவனத்தின் மண்டல அலுவலகத்துக்கு. கடைசியில் சொன்னது உங்கள் உறவைக் காப்பாற்றும் வழியும்கூட. பல பங்குகளில் டேங்கும் பம்பும் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, முதலாளி விற்பனையாளர் மட்டும்தான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் மண், நிலத்தடி நீர்ப் பாதுகாப்புக்கு எண்ணெய் நிறுவனத்தைத்தான் பொறுப்பாக்குகிறது. அண்ணனே முதல் ஆளாக நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினால் அவர் உங்கள் பக்கம் நிற்பவராகிவிடுவார். அதே வழிகாட்டுதலில் வீடுகளுக்கு 50 மீட்டர் இடைவெளி என்று ஒன்று உண்டு, அது புதுப் பங்குகளுக்கு. அதை வைத்து வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

2025 ஜூலையில் மாசடைந்த இடங்களுக்கென்றே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடம் என்று தெரியவந்தால் 90 நாளில் முதல்கட்ட ஆய்வு, அடுத்த 90 நாளில் விரிவான ஆய்வு, சுத்தம் செய்யும் செலவு கெடுத்தவருடையது. மனுவில் இந்த விதிகளைக் குறிப்பிடுங்கள். எதுவும் நகரவில்லை என்றால் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்க முதலில் பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து 5 வருஷம் அவகாசம், நடவடிக்கை கேட்கும் மனுவுக்கு 6 மாசம்தான். ஆகவே முதன்முதலில் வாடை வந்த தேதியை இன்றே ஒரு நோட்டில் எழுதி, அன்று கூட இருந்தவர்கள் பெயரையும் எழுதி வையுங்கள். வழக்கு வேண்டாம் என்று நீங்கள் நினைத்தாலும் தேதி வேண்டும்.

இப்படிப் போராடி என்ன கிடைக்கும் என்று தோன்றினால் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே சுண்ணாம்புப் பாறை, எல்லா வீட்டிலும் கிணறு, மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் அந்தக் கிணறுகளில் இறங்கியது. எண்ணெய் இருக்கிறது என்று ஒரு அறிக்கை, இல்லை என்று இன்னொரு அறிக்கை, சனம் நடுவில் நின்றது. 2015-இல் போட்ட வழக்கில் 2019-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரர்களுக்கு 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கொடுக்க மின் நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நாலு வருஷம் ஆனது. ஒழுங்காக எடுத்த சோதனை முடிவுகள் கையில் இருந்ததால் வழக்கு நின்றது.

சுத்தம் செய்வதற்கு எவ்வளவு நாள் என்றால், கசிவை நிறுத்துவது ஒரு வாரம், மிதப்பதை வழித்தெடுப்பது சில மாசம், மண்ணிலுள்ள ஆவியை உறிஞ்சி எடுப்பது, காற்றை ஊதி நுண்ணுயிர்களை வேலை செய்ய விடுவது எல்லாம் வருஷக்கணக்கு. உங்கள் கிணறு இந்தக் கோடைக்குள் குடிநீருக்குத் திரும்பும் என்று நான் சொல்ல மாட்டேன். நிரந்தரமான வேறு குடிநீர் இணைப்பை மனுவின் முதல் கோரிக்கையாக வையுங்கள், இழப்பீடு இரண்டாவது.

மூன்று கிணற்று அளவும் எடுத்ததும் எனக்கு எழுதுங்கள், திசையை நான் போட்டுத் தருகிறேன். உங்கள் மோட்டார் ஆயில் நிரப்பியதா தண்ணீர் நிரப்பியதா என்றும் பார்த்து எழுதுங்கள். கிணற்றை எட்டிப் பார்த்து அல்ல, வாங்கின பில்லைப் பார்த்து.